நூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டர்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் ஊரில் 'நாற்பது நிமிஷம்' என்றுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சின்ன விமான நிலையத்தின் ஒரே கவுண்டருக்குப் பின்னால் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வந்த பெயர் அது. "மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் எவ்வளவு தூரம் சார்?" "நூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டர். நாற்பது நிமிஷம்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். நான் எழுப்பிக் கேட்டே பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை உண்டு. அதிலும் இதே இரண்டு எண்கள்தான். விமானம் மலையின் தலைக்கு மேலே நேராகப் போய்விடுவதால் அந்தக் கணக்கு. சாலைக்கு அந்த வசதி இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு ஆறுகளைத் தாண்டி, நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். காரில் போனாலும் எட்டுக்குக் குறையாது. என் தங்கை வாழப்போனது அந்தப் பக்கத்து ஊருக்கு. அதனால் அந்தச் சாலையின் வளைவு ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டே நான் போய் வந்த சாலை அது.

கவுண்டருக்குப் பக்கத்தில் ஆள் ஏறி நிற்கிற தராசு ஒன்று உண்டு. எங்கள் விமானம் பத்தொன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். பையை மட்டும் நிறுத்தால் போதாது, ஆளையும் நிறுக்க வேண்டும். தராசின் முகத்தை அவர் தன் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். ஏறி நிற்கிறவருக்கே தன் எடை தெரியாது. இவர் மட்டும் பார்த்து, எழுதி, "சரிங்க, இறங்கலாம்" என்பார். ஊரில் பாதிப் பேருடைய எடை அவருக்குத் தெரியும். ஒரு நாள், ஒரு தடவை, வீட்டில் என்னிடம்கூட வாய் விட்டதில்லை. நானும் எத்தனையோ தடவை நோண்டிப் பார்த்திருக்கிறேன், குறிப்பாக எதிர்வீட்டுக்காரியைப் பற்றி. மூச்சு விட மாட்டார். அப்படிப்பட்ட மனுஷர். அவரைப் போய் நான் என்ன ஆக்கினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊழியர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை இலவசப் பயணம் உண்டு. சீட் காலியாக இருந்தால் மட்டும். காலியாக இருந்து பட்டியலில் பெயர் ஏறிவிட்டாலும், எடை கூடிப்போனால் முதலில் இறங்க வேண்டியவர்கள் நாங்கள்தான். எடை ஏன் கூடும் என்கிறீர்களா? வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடுமாம். லேசான காற்றில் விமானத்தால் பழைய பாரத்தைத் தூக்க முடியாதாம். எங்கள் ஓடுபாதை வேறு குட்டை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் இந்தப் பாடத்தை நடத்தி, "பஸ்ஸிலயே போயிடும்மா, நிம்மதி" என்று முடிப்பார். இருபத்திரண்டு வருஷம் நான் பஸ்ஸிலேயே போனேன்.

என் தங்கை சும்மா இருப்பாளா? அவள் வீட்டுக்காரர் கம்பெனி செலவில் மாதம் ஒரு தடவை பறக்கிறவர். நான் வாந்தியெடுத்து வதங்கிப் போய் அவள் வீட்டு வாசலில் இறங்கும்போதெல்லாம், "மாமா ஏர்போர்ட்லதான் வேலை பாக்குறாரா, இல்ல ஏர்போர்ட்டுக்கு எதிர்க்க இருக்கற டீக்கடையிலயா?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும். போன வருஷம் கோடையில் ஒரு நாள், "இந்தத் தடவை பிளேன்ல வரேன்டி, நீ ஏர்போர்ட்டுக்கு வந்து நில்லு" என்று போனில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வாரம் பட்டியலைப் பார்த்தார். ஒரு வியாழக்கிழமை பதினொன்றரை மணி விமானத்தில் ஒருவர் வரவில்லை என்று முன்னாடியே சொல்லிவிட, ஒரு சீட் காலியானது.

தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். புதுப் பெட்டி, புதுச் செருப்பு. வீட்டுக்காரர் தராசில் ஏறச் சொன்னார். "எழுபதுன்னு போட்டுக்கோங்களேன்" என்று கிசுகிசுத்தேன். "எடையில பொய் சொல்ல மாட்டேன். மேல பறக்கற விஷயம்" என்றார். எண்பத்து மூன்று. பெட்டி பதினான்கு. நான் எட்டிப் பார்த்துவிட்டேன். "வீட்டுல இதைப் பத்திப் பேசினீங்க, அவ்வளவுதான்" என்றேன். அன்றைக்கு அதுதான் பெரிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடக் கடவுளே!

காத்திருக்கும் அறையில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். வேறு ஊரிலிருந்து வந்து, எங்கள் நிலையத்தில் விமானம் மாறிப் போகிறவள். கையில் ஒரு தோள்பை, மடியில் ஒரு கண்ணாடிக் காகித உறை, அதற்குள் கோர்ட்டுக் காகிதங்கள். என்னிடம் இரண்டு தடவை மணி கேட்டாள். மூன்றாவது தடவை அவளே பேச ஆரம்பித்தாள்.

"மூணு மணிக்கு அந்த ஊர்ல கோர்ட்டுங்க. இன்னைக்கு என் பொண்ணை என்கிட்ட குடுத்துடுவாங்க. ஏழு வயசு. ரெண்டு வருஷமா அவங்க அப்பாகிட்ட இருக்கா."

"நல்லதும்மா" என்றேன்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை என்னால வர முடியல. ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை முதலாளி லீவு குடுக்கல. இன்னைக்கும் வரலன்னா பொண்ணை அப்பாவுக்கே எழுதிடுவேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்."

"கவலையே படாதே. நாற்பது நிமிஷம்தான். கவுண்டர்ல நிக்கறாரே, அவர் என் வீட்டுக்காரர்தான்" என்றேன். பெருமை வேறு! அவள் முகம் தெளிந்து, என் கையை ஒரு தடவை பிடித்து அழுத்திவிட்டு விட்டாள். அந்தக் கை இன்னும் என் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

பதினொன்று பத்துக்கு விமானி உள்ளே வந்து என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். வெயில் எதிர்பார்த்ததைவிட இரண்டு டிகிரி கூடிவிட்டதாம். ஐம்பது கிலோ குறைக்க வேண்டும். ஒரே ஓர் ஆளை இறக்கினால் போதும். யார் அந்த ஆள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். அவர் நேராக என்னிடம் வந்து குனிந்தார்.

"நீ நாளைக்குக் காலைல போலாம்மா. காலைல குளிர்ச்சியா இருக்கும், பிரச்சினை வராது."

"ஏங்க, எல்லார் முன்னாடியும் என்னை இறக்கிவிடுவீங்களா? அவ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியிருப்பா. நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போறது?"

"ரூல் அப்படிம்மா."

"இருபத்திரண்டு வருஷமா ரூல் பாத்து என்னத்தைக் கண்டீங்க? ஒரே ஒரு தடவை எனக்காக ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

சத்தமாகச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என் பெட்டியைப் பார்த்தார். பிறகு கவுண்டருக்குத் திரும்பிப் போய்ப் பட்டியலை எடுத்தார். இலவசப் பயணி இல்லாத நாளில், கடைசியாகப் பதிந்தவரை இறக்குவது வழக்கம். கடைசியாகப் பதிந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பையோடு சேர்த்து ஐம்பத்தொரு கிலோ.

பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து போனாள். ஏதோ கையெழுத்துக்காகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். கவுண்டர் எனக்குப் பத்தடி தள்ளி. எல்லாம் காதில் விழுந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் உறையைத் திறந்து காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். "மூணு மணிங்க சார், மூணு மணி" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதுவரை கோர்ட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அப்போ ரோட்டுல போறேன் சார். எவ்வளவு தூரம்?"

"நூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டர்."

கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். சத்தியமாக அந்த ஒரு நொடியில் அவர் மேல் தப்பில்லை. தப்பு அடுத்த நொடியில் நடந்தது. அவள் விரல் விட்டு எண்ணினாள். "இப்போ பதினொண்ணேகால்... மூணு மணி நேரம், மூணே கால்னு வெச்சாலும்... போயிடலாம் சார், போயிடலாம்!" அவர் வாயைத் திறந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவரைத் தவிர அந்த அறையில் உண்மை தெரிந்து அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நான் சுவரில் மணி பார்த்தேன். அவள் எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வாசலை நோக்கி ஓடினாள்.

சண்டை போட்டிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று கத்தியிருந்தால், வேறு யாராவது எழுந்து இடம் கொடுத்திருப்பார்கள். அந்தச் சண்டையை நாங்கள் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம். விமானம் நகரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்சிக்காரர் உண்மையைச் சொல்லியிருப்பார் போல. அவள் திரும்பி ஓடிவந்து, கூடத்தின் கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். விமானத்தின் காற்றாடிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பது நிமிஷம். கடிகாரம் பார்த்தேன், முப்பத்தொன்பதுதான் ஆனது. மலை காலுக்குக் கீழே போனது. கீழே அந்தச் சாலை தெரிந்தது, தைக்கும்போது சிக்கிப்போன நூல் மாதிரி. பக்கத்து சீட்டுக்காரர், "முதல் தடவையா? எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்குங்க" என்றேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்?

தங்கை வாயெல்லாம் பல்லாக வந்து கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, "சொல்லுக்கா, சொல்லு, ஜன்னல் சீட்டா?" என்று குடைந்தாள். எத்தனை நாள் ஒத்திகை பார்த்து வைத்த பெருமை! அதை விட்டுவிட்டுத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"அந்தம்மா இங்கயேதான் உக்காந்திருக்கு. வக்கீலுக்குப் போன் பண்ணுச்சு. மூணாவது தடவை, சும்மா சொன்னா ஜட்ஜ் நம்ப மாட்டார், கம்பெனி ஆள் யாராவது நேர்ல வந்து சொல்லணும்ங்கறார். அந்த ஊர் ஆபீஸ்ல கேட்டேன், மேலிடத்து அனுமதி இல்லாம வர மாட்டாங்களாம்."

"அதுக்கு?"

"நீ போய்ச் சொல்லும்மா."

"நானா? நான் என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு" என்றார். அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "நான் பொய் சொன்னேன்னும் சொல்லு."

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோர்ட்டு தங்கை வீட்டிலிருந்து கால் மணி நேரம். உடனே கிளம்பியிருக்கலாம். தங்கையிடம் என்ன சொல்லிக் கிளம்புவது என்று குட்டிபோட்ட பூனை மாதிரி அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். முக்கால் மணி நேரம்! ஒரு குழந்தையின் விஷயம், நான் என் மானத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். இரண்டே காலுக்கு மறுபடி போன். "கிளம்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். "மாமா ஆபீஸ் வேலை, கோர்ட்டுல ஒரு விஷயம் சொல்லணுமாம்" என்று தங்கையிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். "நானும் வரேன்க்கா" என்று அவளும் ஒட்டிக்கொண்டாள். அவள் சேலை மாற்றி வரக் காத்திருந்து கிளம்பியபோது இரண்டே முக்கால்.

அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் கதையை முடித்துவிடுகிறேன். அன்று மாலை வரை அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மன்னிப்புக் கேட்டதற்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். மறுநாள் மேலாளரிடம் ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். என் பேச்சைக் கேட்டுச் செய்ததாக ஒரு வரிகூட எழுதவில்லை. மனைவிக்காக நானாகவே செய்தேன் என்று எழுதினார். கவுண்டரிலிருந்து எடுத்து, சரக்குக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பெட்டிகளுக்குத்தான் எடை போடுகிறார். அங்கே யாரும் தூரம் கேட்பதில்லை. ஊரில் பழைய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. கடிந்தால் தேவலை, நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஆறிப்போவேன்.

மிச்சம் என்னுடையது.

கோர்ட்டு வாசலில் வழி கேட்டு, மாடி தப்பி, மறுபடி இறங்கி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. அறைக்குள் அந்தப் பெண்ணின் வக்கீலம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜட்ஜ் பேனாவை எடுத்துவிட்டார். நான் வாசலிலேயே நின்று, "ஐயா" என்றேன். என் குரல்தானா என்று இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"நீங்க யாரு?"

"அந்தப் பொண்ணு விமானத்துல வர வேண்டியது, ஐயா. நேரத்துக்கு வந்து காத்துக்கிட்டிருந்துச்சு. எடை கூடிப்போச்சுன்னு இறக்கி விட்டுட்டாங்க."

"கம்பெனி ஊழியரா நீங்க?"

"இல்லைங்க."

"அவங்களுக்கு உறவா?"

"இல்லைங்க."

"பிறகு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, தரை கல்லாகத்தான் இருந்தது.

"நான் இறங்கியிருக்கணும் ஐயா. எனக்கு ஓசி டிக்கெட்டு. நான் அடம் பிடிச்சு ஏறிட்டேன். ரோட்டுல சீக்கிரம் போயிடலாம்னு அந்தப் பொண்ணு தப்பா நினைச்சுது. அது தப்புன்னு தெரிஞ்சும் நானும் என் வீட்டுக்காரரும் சொல்லாம இருந்துட்டோம்."

ஜட்ஜ் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டவில்லை. பேனாவை மூடிவிட்டு, வழக்கை ஐந்து வாரம் தள்ளி வைத்தார். "அதுவரைக்கும் குழந்தை அப்பாகிட்டயே இருக்கட்டும்" என்றார். தாய் வந்திருந்தால் இன்றைக்கே அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னார். வக்கீலம்மா வெளியே வரும்போது, "ஒண்ணுமே இல்லாம போறதுக்கு இது பரவாயில்லை" என்றார். தங்கை என் பெட்டியைவிடக் கனமாக எதையோ தூக்கிக்கொண்டு வருகிறவள் போல இரண்டடி பின்னால் நடந்து வந்தாள்.

வராந்தாவில் நீளமான பெஞ்சு. அதன் கோடியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். தலை படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. காலடியில் துணி அடைத்த பை, அதன் மேல் ஒரு ஜோடிச் செருப்பு கட்டி வைத்திருந்தது. ஊருக்குப் போகத் தயாராக வந்த பிள்ளை. கொஞ்சம் தள்ளி அவள் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசியது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

நான் தாண்டிப் போய்விடத்தான் நினைத்தேன். அவள் எழுந்து குறுக்கே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, எங்கம்மா எங்க?"

குனிந்தேன். ஜட்ஜிடம் சொன்னதை ஏழு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "அம்மா வரணும்னுதான் கிளம்பினாங்க கண்ணு. பிளேன்ல இடம் இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரை மெதுவாகப் பார்த்தாள்.

"நீங்க வந்திருக்கீங்களே" என்றாள்.